மாதவியின் கூந்தல் நீர்: தமிழ்க் காப்பியத்தில் மணமும் காலமும்

தமிழரின் வாசனைக் கலையைப் பற்றிய சான்றுகளில் ஒரு பகுதி இன்று சென்னையின் தென்பகுதியில், ஒன்றுக்கொன்று சில கல் தொலைவிலுள்ள மூன்று நிறுவனங்களிடையே பிரிந்து கிடக்கிறது. பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் 1942ஆம் ஆண்டில் திருக்கழுக்குன்றத்தில் காலமானபின், அவர் திரட்டிய ஏடுகளையும் நூல்களையும் காப்பதற்காக ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943இல் நிறுவப்பட்ட நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. நாற்பத்தொரு செவ்வியல் நூல்களைத் தன் ஆய்வுக்குரியனவாகக் கொண்ட செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2022இல் பெரும்பாக்கத்தில் எழுப்பப்பட்ட கட்டடத்திற்குக் குடிபெயர்ந்துள்ளது. அந்நூல்கள் பெயர் சொல்லும் வேர்களையும் பட்டைகளையும் இன்றும் மருந்தாக எடைபோட்டுக் கொடுக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கி வருகிறது. முதலிரண்டிலும் வாசனைப் பொருள்களின் பெயர்கள் இருக்கின்றன, மூன்றாவதில் பொருள்கள் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைத்து வாசித்தால், சிலப்பதிகாரம் என்னும் காப்பியத்திற்குள் ஒரு நறுமணக் கலவையின் செய்முறை மட்டுமன்றி, அந்த மணம் நாளடைவில் எவ்வாறு மாறி என்னவாக எஞ்சுகிறது என்னும் வரலாறும் பொதிந்திருப்பது தெரியவரும்.

இலக்கியத்திலிருந்து வாசனைத் திரவியத்திற்குப் பெயரும் கருத்தும் எடுப்பது ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். பாரிஸ் நகரின் கெர்லென் நிறுவனம், கிளோது ஃபாரேர் 1909இல் எழுதிய புதினமொன்றின் சப்பானியக் கதைத்தலைவியின் பெயரில் 1919ஆம் ஆண்டு 'மித்சுகோ' என்னும் வாசனையை வெளியிட்டது. செந்த் எக்சுபெரியின் வானோட்டிப் புதினத்தின் பெயரை அதே நிறுவனம் 1933இல் மற்றொரு வாசனைக்கு இட்டது. அண்மைக் காலத்தில் சிறு அளவில் வாசனை செய்யும் நிறுவனங்கள் பலவும் எழுத்தாளர்களின் பெயர்களையும் நூல்களின் பெயர்களையும் குப்பிகளின்மேல் பொறிக்கின்றன. இவற்றில் இலக்கியம் முன்னே நிற்கிறது, வாசனை அதைப் பின்தொடர்ந்து செய்யப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் நிலை வேறு. அங்கே வாசனை கதைக்குள்ளேயே செய்யப்படுகிறது, கதைமாந்தரின் உடலில் ஏறுகிறது, அவர்கள் பிரிந்தபின் அவர்களுக்காகப் பேசவும் செய்கிறது.

புகார்க் காண்டத்தின் கடலாடு காதையில், இந்திர விழா முடிவுற்ற பொழுதில் ஊடியிருந்த காதலன் கோவலனை மகிழ்விக்க ஆடல்மகள் மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் பகுதி இதற்கு மூலமாகும். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் அவள் கூந்தல் ஆட்டப்படுகிறது. பின்னர் அது நறும்புகையில் உலர்த்தப்படுகிறது. உலர்ந்த கூந்தல் பகுதி பகுதியாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் மான்மதம் எனப்படும் கஸ்தூரியின் குழம்பு ஊட்டப்படுகிறது. காப்பிய ஆசிரியர் இளங்கோவடிகள் இங்குக் கூறுவன எண்களும் வரிசையும் மட்டுமே. எவை அந்தப் பத்து, எவை அந்த ஐந்து என்பதை நூல் கூறவில்லை. அப்பெயர்களை அளிப்பது காப்பியத்திற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்வந்த அடியார்க்குநல்லாரின் உரை. சாமிநாதையர் 1892இல் மூலத்தையும் உரையையும் சேர்த்துப் பதிப்பித்தபோது, அதுவரை ஏட்டுச் சுவடிகளில் கிடந்த இந்தப் பட்டியலும் அச்சுக்கு வந்தது.

உரை கூறும் துவர்கள், அதாவது துவர்ப்புச் சுவையுள்ள பொருள்கள், பூவந்தி, திரிபலை, கருங்காலி, நாவல், நாற்பால் மரம் என்பன. திரிபலை என்பது கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் என்னும் மூன்று. நாற்பால் மரம் என்பது ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நான்கு. ஆகக் கணக்கு பத்தாகிறது. பூவந்தி என்பது நீரில் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் பூந்திக்கொட்டையாகும். இந்தப் பத்தும் பெரிதாக மணப்பவை அல்ல. கூந்தலைத் தூய்மை செய்து, மேலே ஏறப்போகும் மணத்திற்கு இடம் ஒழித்துக் கொடுப்பதே அவற்றின் வேலை. அலங்காரத்திற்காக அடுக்கப்பட்டதுபோல் முதற்பார்வைக்குத் தோன்றும் எண், கைப்பழக்கமுள்ள ஒருவரின் செய்முறையிலிருந்து வந்திருக்கலாம் என்று இது எண்ண வைக்கிறது. அடுத்து வரும் ஐந்து விரைகளான கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவை மணத்தின் உடல். கொட்டம் என்பது இமயமலைச் சரிவுகளில் விளையும் கோஷ்டம் என்னும் செடியின் வேர், ஆரம் என்பது சந்தனம். மூன்றாவதான ஓமாலிகை என்னும் தொகுதியில் இலவங்கம், ஏலம், கச்சோலம், தக்கோலம், நன்னாரி, இலாமிச்சம், மாஞ்சி, வகுளம் என்னும் மகிழம்பூ, புன்னைப் பூவின் தாது, பதுமுகம் முதலிய செடிப்பொருள்களோடு, கஸ்தூரி, புழுகு என்னும் புனுகு போன்ற விலங்குப் பொருள்களும் கலந்து நிற்கின்றன.

இப்பட்டியலை இளங்கோவின் காலத்துப் புகார் நகருக்கே உரியதென்று அப்படியே கொள்வது பிழையாகும். உரையாசிரியர் தம் காலத்தில் வழங்கிய மருத்துவ, வாசனை நூல்களின் மரபிலிருந்து எடுத்தவற்றைப் பழைய எண்களுக்குள் அமைத்துக் காட்டுகிறார் என்பதே பொருந்தும் கருத்து. அதனால் பட்டியலின் மதிப்பு குறைந்துவிடாது, இருமடங்காகிறது. மூலம் ஒரு காலத்தின் வரிசையையும், உரை மற்றொரு காலத்தின் சரக்குக் கிடங்கையும் பாதுகாத்துத் தந்திருக்கின்றன. வடமொழியிலும் இத்தகைய மரபு இருந்தது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் கந்தயுக்தி என்னும் வாசனைக் கலவைக் கலைக்கு ஓர் இயலை ஒதுக்கி, பதினாறு பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தேர்ந்தால் 1820 கலவைகள் பிறக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார். அங்கே அக்கறை எத்தனை மணங்களை உண்டாக்கலாம் என்பதில் இருக்கிறது. தமிழ்க் காப்பியத்தின் அக்கறையோ ஒரே மணம் எந்த முறையில் ஏற்றப்படுகிறது, அது எவ்வளவு காலம் நிற்கிறது என்பதில்.

இன்றைய வாசனைத் தொழிலில் ஒரு கலவையை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பேசுவார்கள். பூசியவுடன் எழுந்து சில நிமிடங்களில் அடங்குவது முதல் நிலை, அதன்பின் சில மணி நேரம் விரிந்து நிற்பது நடு நிலை, மறுநாளும் தோலிலும் துணியிலும் ஒட்டியிருப்பது அடி நிலை. பொருள்கள் ஆவியாகும் வேகம் வேறுபடுவதே இதற்குக் காரணம். ஏலத்தின் மணமூட்டும் எண்ணெய் விரைவில் பறந்துவிடும். இலவங்கமும் மலர்மணங்களும் அதைவிட நிதானமானவை. சந்தனம், இலாமிச்சம், அகில், கஸ்தூரி ஆகியவற்றின் மூலக்கூறுகள் எடைமிக்கவையாதலால் மெல்ல மெல்லவே விலகும். இந்த அறிவைக் கொண்டு கடலாடு காதையைப் பார்த்தால் அதன் வரிசை வியப்பூட்டுகிறது. விரைந்து அகலும் பொருள்கள் பல கலந்த நீர் முதலில் வருகிறது. நெடுநேரம் ஒட்டும் புகை அடுத்து வருகிறது. எல்லாவற்றிலும் நீண்டு நிற்கும் கஸ்தூரி இறுதியில், அதுவும் கூந்தலின் ஒவ்வொரு வகிர்விலும் தனித்தனியே ஏறுகிறது. மாதவியின் கூந்தலை அடிப்படையாகக் கொண்டு வாசனை செய்ய விரும்பும் எவரும் நாற்பத்தேழு பொருள்களையும் ஒரு குப்பிக்குள் கலக்க முயல்வதைவிட இந்த மூன்று படிகளைப் பின்பற்றுவதே காப்பியத்திற்கு நெருக்கமானதாக இருக்கும்.

மணத்தைக் காலத்தோடு சேர்த்துப் பார்ப்பது இளங்கோவின் தனிக் கண்டுபிடிப்பு அன்று. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், கூதிர்க்கால மழைமேகம் கதிரவனை மறைத்திருப்பதால் பொழுது தெரியாத நகரத்துப் பெண்கள், கூடையிலிட்டு வைத்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணக்கத் தொடங்கியதைக் கொண்டு மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். அதே பாட்டில், கோடைக்குரிய சந்தனமும் வடநாட்டிலிருந்து வந்த சந்தனம் அரைக்கும் வட்டக் கல்லும் குளிர் மிகுந்ததனால் கேட்பாரற்றுக் கிடக்க, பெண்கள் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுகிறார்கள். ஒரு நாளின் பொழுதையும் ஓர் ஆண்டின் பருவத்தையும் மணத்தின் வழியாகவே சொல்லிவிடும் இப்பகுதி, பிச்சி என்னும் மலரின் இயல்பை நுட்பமாக அறிந்தவர் எழுதியது. மல்லிகை இனத்து மலர்கள் கொடியிலிருந்து பறித்தபின்னும் அரும்பு விரிந்து மணத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் பிச்சியையும் குண்டுமல்லியையும் அரும்பாகவே பறித்து, விரியும் நேரம் பார்த்துக் கரைப்பான் கொண்டு வாசனைச் சாற்றை எடுத்து வெளிநாட்டு வாசனை நிறுவனங்களுக்கு அனுப்பும் ஆலைகளின் வேலைநேரத்தையும் இன்றுவரை இந்த இயல்புதான் தீர்மானிக்கிறது.

சிலப்பதிகாரத்தில் மாதவி எழுதும் இரண்டு மடல்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் மணத்தின் காலப் போக்கு கதையின் உயிரோட்டமாக மாறியிருப்பது விளங்கும். வேனிற்காதையில், பிரிந்து சென்ற கோவலனுக்கு அவள் முதல் மடலை எழுதுகிறாள். சண்பகம் முதலிய பல மலர்களுக்கிடையே வைத்துத் தொடுத்த தாழையின் வெள்ளிய இதழே அதற்கு ஏடு. பிச்சியின் முகையே எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பே மை. புதிதாகப் பூத்த மலர்களின் மணமெல்லாம் திரண்ட அந்த மடலைத் தோழி வசந்தமாலை கொண்டுசெல்ல, கோவலன் அதை வாங்க மறுத்துவிடுகிறான். பின்னர் அவன் மனைவி கண்ணகியுடன் புகாரை விட்டு வெளியேறி மதுரையை நெருங்கும் நேரத்தில், புறஞ்சேரி இறுத்த காதையில், கோசிகன் என்னும் அந்தணன் இரண்டாவது மடலைக் கொண்டுவருகிறான். இம்முறை மலர்கள் இல்லை. மடலை மூடிய களிமண் முத்திரையான மண்ணிலக்கினையின்மேல் மாதவி தன் கூந்தலால் பொறி ஒற்றியிருக்கிறாள். அதில் அவள் தலையில் தேய்த்திருந்த எண்ணெயின் வாசம் ஏறியிருக்கிறது. உடனிருந்த நாள்களில் பழகிய அந்த வாசத்தை அவன் அறிந்துகொள்கிறான், மடலைப் பிரிப்பதற்கு முன் அந்த இலக்கினையைக் கைவிட மனமின்றி நிற்கிறான். பூத்த மணம் செய்ய முடியாததை எஞ்சிய மணம் செய்கிறது. கடலாடு காதையில் தொடங்கிய ஒப்பனையின் இறுதி நிலை இந்த மண்கட்டியில் வந்து சேர்கிறது என்று படிப்பதற்கு நூலே இடம் தருகிறது. மணம் ஆளை அடையாளம் காட்டும் அளவுக்கு வளர்ந்த இந்த நுண்மைக்கு ஈடாகப் பழைய உலக இலக்கியங்களில் மிகச் சில இடங்களையே காட்ட முடியும்.

இத்தனை பொருள்களும் கிடைப்பதற்கு வணிகம் வேண்டும். இந்திர விழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்தில் சந்தனம், சுண்ணம், பூ, புகைப்பொருள் போன்றவற்றைக் கூவி விற்றுத் திரிந்தவர்களின் வீதியைக் காட்டுகிறது. கடலாடு காதையில் நள்ளிரவுக் கடற்கரையில் எரியும் விளக்குகளுள் வாசனை வணிகர்களின் விளக்குகளும் இடம்பெறுகின்றன. மேற்கு மலைகளின் சந்தனமும் அகிலும் புகார்த் துறைக்கு வந்ததைப் பட்டினப்பாலை சொல்லும். மதுரைக் காண்டத்து ஊர்காண் காதையில் கீழ்க்காற்றோடு கப்பலில் வந்து இறங்கும் அகில், கருப்பூரம் முதலிய சரக்குகளுக்கு உரையெழுதும் அடியார்க்குநல்லார், அகிலின் வகைகளாக அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்பவற்றைக் குறிக்கிறார். கிடாரம் மலாய்த் தீபகற்பத்தின் கடாரம். மற்ற இடப்பெயர்களும் வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள துறைகளையே சுட்டுகின்றன. கற்பூரத்திற்குப் பெயர்பெற்ற சுமத்திராவின் வரோசு என்னும் துறையில் 1088ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்குக் கூடி, வந்துசேரும் மரக்கலத்தார் செலுத்த வேண்டிய பொன்னைக் கஸ்தூரியின் விலையோடு பொருத்தி வகுத்ததைப் பதிவுசெய்திருக்கிறது. மாதவியின் கூந்தலில் ஏறிய பொருளே பல நூற்றாண்டுகள் கழித்துக் கடல் வணிகத்தின் அளவுகோலாகவும் நின்றது என்பதில் வாசனைப் பொருளின் பொருளாதார எடை முழுவதும் தெரிகிறது.

சோழர் காலத்தில் இக்கலை அரண்மனையிலும் கணிகையர் மனைகளிலுமிருந்து கோயிலுக்குள்ளும் உறுதியாக நுழைந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், இறைவனின் திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏலவரிசியும் செண்பக மொட்டும் இலாமிச்சமும் வழங்கும்படி வட்டிக்கு விடப்பட்ட காசுகளின் கணக்கு உண்டு. காப்பியத்துக் கூந்தல் நீரும் கோயிலின் நீராட்டு நீரும் ஒரே தொழில்நுட்பத்தின் இரு பயன்கள். கோயில் வழக்கு மாறாமல் நடந்ததால் பொருள்களின் பெயர்களும் வழக்கில் நின்றன. உடல் ஒப்பனையின் முறைகள் மட்டும் பிற்காலத்து அத்தருக்கும் பன்னீருக்கும் இடம்விட்டு விலகின.

மருத்துவ வழியில் அப்பொருள்கள் விலகவில்லை. தாம்பரத்தில் சானடோரியம் என்று வழங்கும் பகுதி, 1928இல் மருத்துவர் டேவிட் சவுரி முத்து அங்குத் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் அப்பெயரைப் பெற்றது. அதன் அருகே அமைந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அங்குப் பயிற்றப்படும் குணபாடம் என்னும் துறை, ஒவ்வொரு மூலிகையின் சுவையையும் தன்மையையும் செய்கையையும் வகுத்துரைப்பது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், கருங்காலி, கோஷ்டம், சந்தனம், நன்னாரி, சடாமாஞ்சில், இலவங்கம், ஏலம் என்று அத்துறையின் மாணவர் படிக்கும் பெயர்களை அடியார்க்குநல்லாரின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்கும் பொதுவானவையே மிகுதி என்பது தெரியும். இறைவன் அகத்தியருக்கு மருந்துகளின் இயல்பை உரைத்ததாகத் தலபுராணம் கூறும் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலும் இதே தென்பகுதியில் இருப்பது, மருந்தும் மணமும் ஒரே சரக்காகக் கருதப்பட்ட பழைய மனநிலைக்குப் பொருத்தமான சூழல். சித்த மருத்துவக் கல்வியில் சிலப்பதிகார உரை ஒரு பாடநூலாகவும், தமிழிலக்கிய ஆய்வில் குணபாடம் ஒரு துணைநூலாகவும் ஏற்கப்பட்டால் இரு துறைகளுக்கும் நன்மை உண்டு. பெரும்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையிலுள்ள தொலைவு அதற்கு ஒரு தடையாகாது.

ஆயினும் மாதவியின் கூந்தல் நீரை இன்று அப்படியே காய்ச்சிவிட முடியாது. கஸ்தூரி மானும் புனுகுப் பூனையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை; இமயத்துக் கோஷ்டம் அழியும் நிலையிலுள்ள இனங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும், அகில் மரங்கள் அதன் இரண்டாம் பட்டியலிலும் உள்ளன; சந்தன மரத்தை வெட்டவும் கொண்டுசெல்லவும் அரசின் அனுமதி வேண்டும். கஸ்தூரியின் இடத்தில் செயற்கை மூலக்கூறுகளையும், காட்டு அகிலின் இடத்தில் தோட்டத்தில் வளர்த்த அகிலையும் கொள்வது தவிர்க்க முடியாதது மட்டுமன்று, முறையானதும் ஆகும். இதைவிடக் கடினமானது பெயர்களை அடையாளம் காண்பது. ஓமாலிகைப் பட்டியலில் வரும் புலியுகிர் என்பது புலியின் நகமாக இருக்க வாய்ப்பில்லை. வடமொழி வாசனை நூல்கள் இதே பொருளில் வழங்கும் பெயர் கடல் நத்தையின் ஓட்டை மூடும் வில்லையைக் குறிக்கிறது என்றும், அதைச் சுட்டுப் புகைப்பொருளில் சேர்த்தார்கள் என்றும் அறிஞர் கருதுவர். கண்டில்வெண்ணெய், நாகணம், மதாவரிசி, அரேணுகம் போன்ற பெயர்களும் இவ்வாறே ஒவ்வொன்றாக, அகராதியையும் நிகண்டையும் ஒரு கையிலும் நாட்டுமருந்துக் கடைச் சரக்கை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஆராயப்பட வேண்டியவை; இவற்றுள் எது எந்தச் செடியின் எந்த உறுப்பு என்று உறுதிப்பட்ட பின்னரே அந்த முப்பத்திரண்டின் அளவுகளைப் பற்றிய பேச்சைத் தொடங்க முடியும்.